அது தானாகச் சாகவில்லை

"ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் மேடம், இப்ப ஓடுது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓடுது, சரி. ஏன் நின்றது? கேட்டால் ஒரு சிரிப்பு. "தெரியல மேடம், ஆனா இப்ப ஓகே." ஓகேவாம்! ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தப் பதில் என்னை விடவில்லை. போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றுபோனது. வந்த மெக்கானிக்கும் இதையேதான் சொன்னார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்மா, சரியாப் பூட்ச்சு." மறுநாள் காய்கறிப் பையோடு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

சர்வர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கட்டளைகளும் கருவிகளும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் எழுதி நீங்கள் படித்துச் சிரிக்க வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு ப்ரோக்ராம் நின்றுபோனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் மனிதர்கள் எப்படியெல்லாம் குறுக்கே படுத்துக்கொள்வார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு கதை போதும்.

அப்போது எங்கள் அலுவலகம் தரமணியில். மயிலாப்பூரில் பெரிய மருத்துவப் பரிசோதனை லேப் ஒன்று எங்கள் கிளையன்ட். பரிசோதனை முடிந்ததும் ரிப்போர்ட்டை அச்சடிப்பதற்கும் நோயாளியின் போனுக்கு அனுப்புவதற்கும் முன்பு ஒரு பழைய ப்ரோக்ராம் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினோம். எழுதினோம் என்றால், எழுதியது நஸ்ரீன். ராயப்பேட்டைப் பெண். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் பேசினால் நறுக்கென்று இருக்கும். அவள் எழுதியதை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். சுத்தமான வேலை. லேபிலிருந்த சர்வரில் அதைக் கொண்டுபோய் வைத்தது நான்.

வைத்த முதல் வாரமே பிரச்சினை ஆரம்பித்தது. தினமும் ஒரு தடவை அது நின்றுபோகும். ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானம், ஒரு நாள் சாயங்காலம். நின்றால் தானாக எழுந்திருக்காது. அப்படித்தான் வைத்திருந்தோம், காரணத்தோடுதான். ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவர் போனுக்குப் போய்விட்டால் விளையாட்டா? அதனால் யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்று ஒரு ஆள் சரிபார்த்த பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் லேப் கூடத்தில் ரகளை ஆகிவிடும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு ப்ரோக்ராம் சாவதற்குப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, தன் தப்பால் தானே விழுவது. இன்னொன்று, வெளியிலிருந்து யாரோ "போதும், கிளம்பு" என்று சொல்லி நிறுத்துவது. எந்த வழியில் செத்தது என்பதை, சாகும்போது சர்வரில் பதிவாகும் சிக்னல் எண் சொல்லிவிடும். பதினொன்று என்றால் தொடக்கூடாத இடத்தைத் தொட்டு அதுவே விழுந்திருக்கிறது. பதினைந்து என்றால் யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். லேப் சர்வரில் தினமும் வந்துகொண்டிருந்தது பதினைந்து. சின்னக் குழந்தைக்கும் புரியும். எங்கள் மேனேஜருக்குப் புரியவில்லை.

"கோட்ல எங்கயோ லீக் இருக்கு மேடம். புதுப் பொண்ணு எழுதினது. வேற என்னவா இருக்கப் போகுது?" என்றார்.

"சார், வந்திருக்கிறது பதினஞ்சு. இது தானா சாகல. யாரோ நிறுத்தறாங்க. யாருன்னு பாக்கணும்."

"யாரு மேடம் நிறுத்துவா? பேயா?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் ஜோக் அடித்தால் சிரிக்கத்தானே வேண்டும்! எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

யார் நிறுத்துகிறார்கள் என்று பிடிக்க வழி இருந்தது. சர்வரில் ஒரு கண்காணிப்பைப் போட்டுவிட்டால், நிறுத்தச் சொல்லும் கை யாருடையது என்று பதிவாகிவிடும். ஆனால் அது நோயாளிகளின் விவரம் இருக்கிற சர்வர். லேபின் உரிமையாளரான டாக்டரம்மா அனுமதி கொடுக்காமல் அதில் புதிதாக எதையும் போடக்கூடாது. அனுமதி கேட்டு ஒரு போன் செய்தால் முடிந்தது. மேனேஜர் விடவில்லை.

"கிளையன்ட் கிட்டப் போய், உங்க ஆளு யாரோ எங்க ப்ரோக்ராமை நிறுத்தறாங்கன்னு சொல்லச் சொல்றீங்களா? கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம் மேடம். நீங்க லேப் ஆளுங்க யாரோடயும் இதைப் பத்திப் பேச வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். திங்கட்கிழமை காலையில் நின்றால், வாரத்தின் முதல் நாள், கூட்டம் அதிகம் என்பார். புதன்கிழமை மத்தியானம் நின்றால், சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஏசியை அணைத்துவிட்டார்கள், சர்வர் சூடாகிவிட்டது என்பார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நின்றால், மின்சாரத்தில் ஏற்ற இறக்கம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே தீர்ப்பு: நஸ்ரீன், மறுபடி எழுது.

அவளும் எழுதினாள். மூன்று தடவை! எங்கள் அலுவலக மெஷினில் மூன்றும் ஒரு தடவைகூட நிற்காமல் அது பாட்டுக்கு ஓடின. லேபில் கொண்டுபோய் வைத்தால் மூன்றும் செத்தன. இதிலிருந்தே தெரிய வேண்டாமா? விதையை மாற்றி மாற்றிப் போடுகிறீர்களே, செடியைத் தினமும் வந்து பிடுங்குவது யார் என்று பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன். "உதாரணமெல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றார் மேனேஜர்.

சர்வரில் நேரம் குறித்து வைத்து ஓடும் வேலைகள் எல்லாவற்றையும் நான் தோண்டிப் பார்த்தேன். எங்கள் ப்ரோக்ராமை நிறுத்தும் எதுவும் அங்கே இல்லை. வெளியிலிருந்து சர்வருக்குள் யார் யார் வருகிறார்கள் என்றும் பார்த்தேன். வரவேற்பறைக் கணினி ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்து கோப்புகளை எடுத்துக்கொண்டு போகும். நாள் முழுக்க வந்து போகிற அந்தக் கூட்டத்தில் எது கோப்பு எடுக்க வந்தது, எது கழுத்தைப் பிடிக்க வந்தது என்று எப்படிச் சொல்வது? கண்காணிப்பு இல்லாமல் அதைப் பிரிக்க முடியாது. கண்காணிப்புக்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்கக் கூடாது. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இதற்கு நடுவில்தான் அந்த மெயில் போனது. "நஸ்ரீன் எழுதிய ப்ரோக்ராமில் உள்ள குறைகளே காரணம். அவருடைய பணி குறித்து விரைவில் முடிவெடுக்கப்படும்" என்று மேனேஜர் எழுதினார். டாக்டரம்மாவுக்கு, எங்கள் இயக்குநருக்கு, மனிதவளத் துறைக்கு, எங்கள் குழுவில் இருந்த எல்லோருக்கும். ஒரு மனிதரின் பெயரை மெயிலில் போடுவதற்கு முன் பத்து தடவை யோசிக்க வேண்டும். அவர் ஒரு தடவைகூட யோசித்ததாகத் தெரியவில்லை. அவளை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பேச அடுத்த திங்கட்கிழமை கூட்டம் என்றும் அறிவித்துவிட்டார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் நானும் நஸ்ரீனும் தரமணியில் பறக்கும் ரயில் ஏறினோம். லேபிலேயே நாள் முழுக்க உட்கார்ந்து, நிற்கும்போது கூடவே இருந்து பார்ப்பது என்று முடிவு. வண்டி கஸ்தூரிபா நகர் தாண்டியது. நஸ்ரீன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"மேடம், வேலைய விட்டு அனுப்புனா அனுப்பட்டும். ஆனா இந்த மெயிலோட வெளிய போனா எவன் மேடம் எனக்கு வேலை குடுப்பான்? தரமணியில எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். லேப் ப்ரோக்ராமைச் சொதப்புன பொண்ணுன்னு பேரு வந்துட்டா அவ்ளோதான். எங்க போனாலும் அந்தப் பேரு எனக்கு முன்னாடி போய் உக்காந்துக்கும்."

"உன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு இன்னா மேடம் யூஸு?" என்றாள். நியாயமான கேள்வி. மந்தைவெளியில் இறங்கி நடந்தோம்.

லேப் வாசலில் காவலாளி எங்களைப் பார்த்ததும், "இன்னா மேடம், இன்னிக்கும் புட்டுக்கப் போகுதா?" என்றார். அவருக்குச் சிரிப்பு. கூடத்தில் உட்கார இடமில்லை. நாங்கள் கவுன்ட்டர் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். ப்ரோக்ராம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நப்பாசை, இன்றைக்கு நிற்காதோ என்று.

பத்தரைக்கு நின்றது. சிக்னல் எண் அதே பதினைந்து.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நஸ்ரீன் தன் போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கூடம் கொதிக்க ஆரம்பித்தது. "காலைல வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுத்தேன்மா, போன்ல வந்துடும்னீங்க, எங்க வந்துச்சு?" "டாக்டர் பதினோரு மணிக்குக் கிளம்பிடுவார்மா!" "தெனம் இதே ரோதனையாப் போச்சு!" கவுன்ட்டரில் இருந்த பெண் பாவம், எல்லோரையும் சமாளிக்க முடியாமல், முன்னாலேயே அச்சடித்து வைத்திருந்த உறைகளையாவது கொடுத்து அனுப்பலாம் என்று பெயர் பெயராகக் கூப்பிட்டாள்.

"மாமி, உங்க ரிப்போர்ட் ரெடி. வந்து வாங்கிக்கோங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த மாமி எழுந்திருக்கவே இல்லை. "இருக்கட்டும்மா. இப்ப வேண்டாம். ராகு காலம் வந்துடுத்து. பன்னண்டு மணிக்கு மேல வாங்கிண்டு போறேன்."

"கையில வாங்கி வெச்சுக்கோங்க மாமி, அப்புறமாப் பிரிங்க."

"கையிலயே வாங்க மாட்டேன்மா. எங்காத்து மாமாவுக்குக் கழுத்துல கட்டி. அதுலேர்ந்து எடுத்து டெஸ்டுக்குக் குடுத்திருக்கோம். நல்ல வேளை பாத்துத்தான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "பாத்தியா? ஊரே ரிப்போர்ட் வரலன்னு கத்துது. வந்த ரிப்போர்ட்டை இவங்க வேண்டாம்ங்கறாங்க" என்று நஸ்ரீனிடம் முணுமுணுத்தேன்.

அவள் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், ராகு காலம் டெய்லி பத்தரைக்கா?"

"இல்லம்மா. கிழமைக்குக் கிழமை மாறும். வெள்ளிக்கிழமைதான் பத்தரை."

"நேத்து?"

"வியாழக்கிழமை ஒண்ணரை."

அவள் போனைப் பார்த்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள். "புதன்?"

"பன்னண்டு."

"செவ்வாய்?"

"மூணு..." என்று சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. அவள் போனை என் பக்கம் திருப்பினாள். வாரக் கணக்கில் அவள் குறித்து வைத்திருந்த நேரங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தக் கிழமையின் ராகு காலம் தொடங்குகிற நேரம்.

"இன்னா மேடம் இது! எங்க வீட்டுல இதெல்லாம் பாக்க மாட்டோம், எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே!"

தெரியுமே! நன்றாகக் கேட்டாள். என் பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு மேல் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு போய் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றியவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழு நாளையும் ஒப்பிப்பேன். அதே நேரங்களை வாரக்கணக்கில் திரையில் பார்த்து, மின்சாரமா, ஏசியா, கூட்டமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கோயில் நேரத்தையும் சர்வர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. தலையில் பட்டென்று அடித்துக்கொண்டேன். கவுன்ட்டர் பெண் பயந்துவிட்டாள்.

சரி, நேரம் தெரிந்துவிட்டது. ஆள் யார்? மேனேஜருக்கு போன் செய்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "ராகு காலமா? வெளிய சொல்லிடாதீங்க மேடம், மானம் போயிடும்" என்பார். மறுபடி மூடி வைத்துவிடுவார். திங்கட்கிழமை இந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடுவாள். லேப் ஆட்களோடு பேசக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் உத்தரவு போட்டவர் விடையைத் தேடவில்லை, விடை வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வித்தியாசத்தை நீங்கள் கண்டுகொள்ளப் பழக வேண்டும். கண்டுகொண்ட பிறகு என்ன செய்வது என்பதை அவரவர் வயிறும் தைரியமும் தீர்மானிக்கட்டும். நான் லேப்டாப்பை மூடினேன்.

"வா, மேல போலாம். டாக்டரம்மாவையே கேட்போம்."

"மேனேஜர் சார் திட்டுவாரு மேடம்."

"என்னைத்தானே? திட்டட்டும். நான் பாக்காத திட்டா?"

மாடியில் டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். அதட்டலான குரல். உட்காரச் சொல்லவில்லை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"டாக்டர், ராகு காலத்துல ரிப்போர்ட் போகாம நிறுத்தற மாதிரி இங்க ஏதாவது ஏற்பாடு இருக்கா?"

"இருக்கே" என்றார் சாதாரணமாக. "உங்க கம்பெனி ஆளுதானே செஞ்சு குடுத்தாரு, பழைய ப்ரோக்ராம் இருந்தப்ப. வரவேற்பறைல இருக்கற கம்ப்யூட்டர்ல போட்டுட்டுப் போனாரு. நிறுத்தறது ஒழுங்காத்தான் நடக்குது. ராகு காலம் முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கணும்ல? அதுதான் இப்ப நடக்க மாட்டேங்குது. அதைத்தானே உங்க மேனேஜர் கிட்ட நான் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டே இருக்கேன்."

நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்! கேட்கவே கூடாது என்று ஒரு மனிதர் உத்தரவு போட்டு, மூன்று தடவை மறுபடி எழுத வைத்து, பெயரைப் போட்டு மெயில் அனுப்பி... அந்த நிமிடம் மேனேஜர் என் முன்னால் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

"அவருக்குத் தெரியும்னுதான் நினைச்சேன்" என்றார் டாக்டரம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "எனக்கு ராகு காலத்துல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு கேக்காதீங்க. முன்ன ஒரு தடவை, புருஷனுக்குப் புத்துநோய்னு எழுதின ரிப்போர்ட்டை ஒரு அம்மா ராகு காலத்துல வாங்கிட்டாங்க. அவரு போனப்புறமும் இங்க வந்து, நான் நேரம் பாக்காம வாங்கிட்டேன் டாக்டர், அதான் இப்படி ஆயிடுச்சுன்னு அழுவாங்க. அது இல்லம்மான்னு எத்தனை சொன்னாலும் கேக்கல. ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடுத்தா ஒண்ணும் ஆகிடாது. அவசரமானதை நானே டாக்டருக்கு போன்ல சொல்லிடறேன். வெளிய சொன்னா, படிச்சவ இப்படிப் பண்றாளேன்னு சிரிப்பாங்க. அதான் சத்தமில்லாம செய்யச் சொன்னேன்."

வரவேற்பறைக் கணினியைப் போய்ப் பார்த்தோம். விஷயம் ரொம்ப எளிது. ராகு காலம் தொடங்கும்போது, ரிப்போர்ட் என்ற யூசர் கணக்கின் பெயரில் சர்வரில் என்ன ஓடினாலும் நிறுத்து. முடியும்போது பழைய ப்ரோக்ராமை ஆரம்பி. பழைய ப்ரோக்ராமைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோமே! புதியதையும் அதே கணக்கின் பெயரில் நான் வைத்திருந்தேன். அதனால் புதியது நின்றது. ஆரம்பிக்கச் சொன்னபோது ஆரம்பிக்க அங்கே எதுவும் இல்லை. இதை எழுதியவர் எங்களிடம் வேலை பார்த்து எப்போதோ போய்விட்டவர். யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். டாக்டரம்மா சத்தமில்லாமல் செய்யச் சொன்னதும் அவர் அத்தனை சத்தமில்லாமல் செய்திருக்கிறார்.

எனக்கிருந்த ஆத்திரத்தில், "இதை மொத்தமாத் தூக்கிடலாம் டாக்டர்" என்றேன்.

"வேணாம் மேடம்" என்றாள் நஸ்ரீன். "தூக்குனா கீழ உக்காந்திருக்கற மாமிக்கு நேரம் கெட்ட நேரத்துல போன்ல வந்து விழும். நிறுத்தறதை என் ப்ரோக்ராமே பாத்துக்கட்டும். அந்த நேரத்துல ரிப்போர்ட்டை அனுப்பாம வெச்சிருந்து, முடிஞ்சதும் வரிசையா அனுப்பும். உடனே வேணும்னு கேக்கறவங்களுக்கு உடனே போவும். அவசரம்னு டாக்டர் குறிச்சது நிக்கவே நிக்காது."

டாக்டரம்மா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"நஸ்ரீன் மேடம்."

"ஓ... அந்த நஸ்ரீனா?"

வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது, கண்ணாடித் தகடுகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். நஸ்ரீன் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டாக்டரம்மாவே அனுமதி தந்தார், கண்காணிப்பையும் போட்டோம். மறுநாள் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, நிறுத்தச் சொன்னது வரவேற்பறைக் கணினிதான் என்று கறுப்பு வெள்ளையாகப் பதிவானது. அன்றைக்கே பழைய ஏற்பாட்டை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நஸ்ரீன் உட்கார்ந்து தன் ப்ரோக்ராமில் அந்த நேரக் கணக்கைச் சேர்த்தாள். அன்றிலிருந்து அது நிற்கவில்லை.

திங்கட்கிழமை கூட்டம். நானும் மேனேஜரும் மனிதவளத் துறைப் பெண்ணும் நஸ்ரீனும். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அனுமதியில்லாமல் கிளையன்ட்டிடம் பேசியதையும் சேர்த்தே சொன்னேன். மேனேஜர் அதற்காக முறைத்தார். ஆனால் டாக்டரம்மா ஏற்கெனவே இயக்குநரைக் கூப்பிட்டுப் பாராட்டிவிட்டாராம், அதனால் முறைப்பை நீட்டிக்க முடியவில்லை.

"சூப்பர். இஷ்யூ க்ளோஸ்டு" என்றார் கையைத் தட்டி. "நஸ்ரீன், உன்னை கன்ஃபர்ம் பண்றோம். சந்தோஷமா? மெயிலும் போட்டுட்டேன். எல்லாரும் அடுத்த வேலையைப் பாக்கலாம்."

நஸ்ரீன் போனை எடுத்து அந்த மெயிலைப் படித்தாள். "லேபில் இருந்த பழைய ஏற்பாடு ஒன்றால் வந்த சிக்கல் சரிசெய்யப்பட்டது. ப்ரோக்ராமில் குறை எதுவும் இல்லை." இவ்வளவுதான். மனிதவளத் துறைப் பெண் எழுந்துவிட்டாள். மேனேஜரும் லேப்டாப்பை மூடப் போனார். நஸ்ரீன் எழுந்திருக்கவில்லை.

"சார், தப்பு இருக்குன்னு அனுப்புனப்ப என் பேரு இருந்துச்சு. தப்பு இல்லன்னு அனுப்பறப்ப பேரைக் காணோம்."

"அதான் கன்ஃபர்ம் ஆயிடுச்சேம்மா. இன்னும் என்ன? இதெல்லாம் பர்சனலா எடுத்துக்கக் கூடாது."

"பேரு பர்சனல்தான சார்?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அவள் குரலில் கோபம்கூட இல்லை. நான் கத்தினால் அவள் கேட்டது என் கத்தலில் காணாமல் போய்விடும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், என் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

மேனேஜர் லேப்டாப்பை மறுபடி திறந்தார். "சரி, என்ன எழுதணும், சொல்லு."

"நஸ்ரீன் எழுதிய ப்ரோக்ராமில் குறை எதுவும் இல்லைன்னு எழுதுங்க சார். நான் எழுதுன வேற எதையும் புகழ வேணாம். அது மட்டும் போதும்."

அவர் அடித்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து படித்தாள். யாருக்கெல்லாம் போகிறது என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். "டாக்டரம்மாவுக்குப் போகலயே சார்" என்றாள். அவர் அந்தப் பெயரையும் சேர்த்தார். அனுப்பினார். போனதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

வெளியே வந்ததும், "ரெண்டு நிமிஷம் மேடம்" என்று படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினாள். அத்தனை வாரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அம்மாவுக்கு போன் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை அவர்களுடைய உருதில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி சொன்னாள். எனக்கு உருது தெரியாது. இரண்டு தடவையும் அவள் பெயர் மட்டும் புரிந்தது.